மண்டபத்துக்குப் போகும் மணிக்கட்டு: ஆட்டிசம் உள்ள ஒருத்தி ஆப்பிள் வாட்ச் எஸ்இ பற்றி

கல்யாணம், காதுகுத்து, அலுவலகக் கூட்டம், புதுமனை புகுவிழா என்று ஆட்கள் கூடும் இடங்களுக்குப் போய், நாலு பேரிடம் பேசி, உட்கார்ந்து சாப்பிட்டு, உடைந்துபோகாமல் வீடு திரும்ப எனக்கு உதவிய கருவிகளில் முதலிடம் இந்தக் கைக்கடிகாரத்துக்குத்தான். ஆப்பிள் வாட்ச் எஸ்இ, இரண்டாம் தலைமுறை. 2022 செப்டம்பரில் வந்தது. இந்தியாவில் அறிமுக விலை 29,900 ரூபாய். இதை யாரும் ஆட்டிசத்துக்காகச் செய்யவில்லை. ஆட்டிசத்துக்கென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் கருவிகளில் பல தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதற்கும் வருகிறேன்.

எனக்கு வயது 26. திருச்சியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். கல்லூரிக் கடைசி ஆண்டில்தான் ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதிசெய்தார். அதுவரை உறவினர்கள் வாயில் நான் ‘யாருடனும் ஒட்டாத பெண்’. பேச வரும், எழுத இன்னும் நன்றாக வரும். ஆனால் முகங்கள் நினைவில் நிற்காது. இரைச்சலுக்கு நடுவே எதிரே இருப்பவர் பேச்சு மட்டும் தனியாகப் பிரிந்து கேட்காது. களைப்பு என்பது, கால் தள்ளாடும்வரை எனக்கே தெரியாது. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் இதே மூன்றும் இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இது என் மணிக்கட்டிலிருந்து எழுதும் மதிப்புரை, அவ்வளவுதான். சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவை அளவுக்கு மீறி உறைப்பதை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 நோயறிதல் நூலே ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஆகவே இது பிடிவாதமும் இல்லை, செல்லமும் இல்லை.

சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கடிகாரத்தில் ‘நாய்ஸ்’ என்றொரு செயலி இருக்கிறது. 2019-இல் கடிகாரத்தின் இயங்குதளமான வாட்ச்ஓஎஸ் 6-உடன் வந்த வசதி அது. கடிகாரத்தின் ஒலிவாங்கி சுற்றியுள்ள சத்தத்தை அளந்து டெசிபலில் காட்டும். பேச்சையோ ஒலியையோ பதிந்து வைப்பதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. எச்சரிக்கை எல்லையை 80, 85, 90, 95, 100 என்பவற்றில் நமக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். என்னுடையது 80. அந்த எல்லையைத் தாண்டினால் மணிக்கட்டில் ஒரு தட்டு. 80 டெசிபல் என்பது நானாகப் பிடித்த எண் இல்லை. வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்திருக்கும் அளவு அது. 90 என்றால் அதே பாதுகாப்பு வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது.

என் சித்தி மகள் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கிகளுக்கு நேர் எதிரே எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கடிகாரம் 97 காட்டியது. வழக்கமாக இத்தகைய இடத்தில் “சத்தம் தாங்கவில்லை” என்று நான் சொல்வேன், “எங்களுக்கெல்லாம் காது இல்லையா?” என்று யாராவது கேட்பார்கள், பேச்சு அங்கே முடிந்துவிடும். அன்று ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்த மாமாவிடம் கையை நீட்டி எண்ணைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு பார்த்தார். “97 என்றால் எவ்வளவு?” என்று கேட்டார். வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே கேட்க வேண்டிய அளவு என்றேன். மேடைக்குப் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார். மடியில் கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எனக்கு நன்றி சொன்னார். என் அவஸ்தையை நம்பாதவர்கள்கூட எண்ணை நம்புகிறார்கள். எனக்கு அதில் வருத்தமும் உண்டு, பயனும் உண்டு.

இந்த வசதிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. மூன்று நிமிடச் சராசரி எல்லையைத் தொட்டால்தான் எச்சரிக்கை வரும். தொடர்ந்து இரைகிற ஒலிபெருக்கிக்கு அது பொருத்தம். கெட்டிமேளத்துக்குப் பொருந்தாது. தவிலும் நாதஸ்வரமும் ஒரே வீச்சில் எழும்பி, மூன்று முடிச்சு விழுந்து, அட்சதை தலையில் கொட்டி முடிந்த பிறகும் கடிகாரம் சும்மாவே இருக்கும். திடீர் ஒலிக்குத் தனியாக ஓர் எல்லை வைத்துக்கொள்ள வழி செய்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். இப்போதைக்கு அந்த வேலையை என் தங்கை பார்க்கிறாள். அவள் எப்படி உதவுகிறாள் என்பதுதான் இந்த மதிப்புரையின் முக்கியமான பகுதி.

நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு கேள்வி உண்டு. தெரிந்த முகமா, தெரியாத முகமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து நின்று, “நான் யார், சொல் பார்க்கலாம்” என்பார்கள். அன்பில் கேட்கிற கேள்விதான். ஆனால் முகம் பிடிபடாதவளுக்கு அது மேடையில் நிறுத்திக் கேட்கும் தேர்வு. பதில் தெரியாமல் சிரித்து வைத்தால் “மறந்துவிட்டாயா?” என்று முகம் வாடுவார்கள். அந்த வாட்டம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பல விசேஷங்களுக்கு நான் போகாமல் இருந்தேன்.

இப்போது நானும் தங்கையும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். மண்டபத்தில் அவள் எனக்கு நாலைந்து வரிசை தள்ளி உட்காருவாள். யாராவது என்னை நோக்கி வருவதைப் பார்த்தால் கைபேசியில் குறுஞ்செய்தி தட்டுவாள். என் மணிக்கட்டில் தட்டு விழும். கையை லேசாகத் திருப்பினால் திரையில் தமிழில் வந்திருக்கும்: “கரூர் பெரியப்பா. போன மாதம் கண் ஆபரேஷன்.” இந்த இரண்டாம் தலைமுறை எஸ்இயில் திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்காது, கையைத் திருப்பினால்தான் ஒளிரும். மணி பார்ப்பதுபோல் இருக்கும், அடுத்தவர் கண்ணில் படாது.

அன்று பெரியப்பா வந்து நின்று, எதிர்பார்த்தபடியே “நான் யார் தெரிகிறதா அம்மா?” என்றார். “கரூர் பெரியப்பா. கண் எப்படி இருக்கிறது?” என்றேன். என் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்தக் கண், எந்த ஊரில் பார்த்தது, சொட்டு மருந்தை எத்தனை வேளை போட வேண்டும், பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பேத்தி முன்னால் போய் நின்றபோது அவள் என்ன சொன்னாள் என்று எல்லாம் சொன்னார். எனக்கு மருந்துகளின் பெயர், அளவு, நேரம் கேட்கப் பிடிக்கும். நான் இன்னும் கேட்டேன், அவர் இன்னும் சொன்னார். எழுந்து போகும்போது, “இந்தப் பெண் எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பேச்சு எப்போதும் இருந்தது. முதல் வரிதான் கிடைக்காமல் இருந்தது.

இதைப் பற்றித் தெரிந்த உறவினர் ஒருவர், இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டார். என் அப்பா ஒவ்வொரு விசேஷத்திலும் அம்மா பக்கம் லேசாகச் சாய்ந்து, உதடு அசையாமல் “யார் இவர்?” என்று கேட்கிறார். அம்மாவும் உதடு அசையாமல் பதில் சொல்கிறார். அப்பாவை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. எனக்குக் காதோரம் கிசுகிசுத்தால் கூட்டத்தில் கேட்காது. எழுத்தில் வந்தால் ஒரு பார்வை போதும். இருவருக்கும் வித்தியாசம் அந்த அளவுதான்.

நான் பதில் அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஐபோனிலுள்ள வாட்ச் செயலியில் தயார்நிலைப் பதில்களை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் வைத்திருப்பவை நான்கே: “சரி”, “வா”, “வெளியே போகிறேன்”, “சாப்பாட்டுக்கு இப்போது வேண்டாம்”. இரண்டு தொடுதலில் போய்விடும். வாய் கட்டிப்போகிற நேரங்கள் எனக்கு உண்டு. உள்ளே சொல் இருக்கும், வெளியே வராது. அந்த நேரத்தில் “வா” என்ற ஓரெழுத்தை அனுப்ப முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, வாய் கட்டிப்போகாதவர்களுக்கு விளக்குவது கடினம். கெட்டிமேளத்துக்கு முன் தங்கையிடமிருந்து “தாலி” என்று வரும். காதுச் செருகியை அழுத்திக்கொள்வேன்.

காதுச் செருகி பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் லூப் நிறுவனம் பேச்சு கேட்கும்படியாகவே இரைச்சலைக் குறைக்கும் ‘எங்கேஜ்’ என்ற வகையை விற்கிறது. 16 டெசிபல் அளவுக்குக் குறைப்பதாகச் சொல்கிறார்கள். காதில் சிறிய வளையமாகத் தெரியும், கம்மல் போட்டவர்களுக்கு உறுத்தாது. பேட்டரி கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமில்லை. நான் இதைத்தான் மண்டபத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். காதை அடைக்கும் எந்தச் செருகிக்கும் பொதுவான ஒரு விஷயம்: தாடை எலும்பு வழியாக வரும் நம் சொந்தச் சத்தம் வெளியேற முடியாமல் காதுக்குள்ளேயே பெருகும். பந்தியில் அப்பளத்தைக் கடித்துப் பாருங்கள், மண்டைக்குள் ஓடு உடையும். செருகியோடு உட்காரும் நாளில் அப்பளத்தைச் சாம்பாரில் நனைத்துச் சாப்பிடுவது என் பழக்கம். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்குக் காத்து நிற்பவர்களுக்கு மட்டும் இதுவரை எந்தக் கருவியும் வரவில்லை. கடைசிப் பந்திக்குப் போவதே அதற்கு மருந்து.

அடுத்தது நேரம். அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால், ஒரு மணிக்கு, அரை மணிக்கு, கால் மணிக்கு ஒரு தடவை அடையாளம் காட்டும்படி வைக்கலாம். ஒலியை அடைத்துவிட்டால் தட்டு மட்டும் விழும். நான் கால் மணி வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த பேச்சில் (அச்செழுத்துகளின் வரலாறு என்றால் விடியும்வரை பேசுவேன்) இறங்கிவிட்டால் எதிரே இருப்பவர் எப்போது சலித்தார் என்பது எனக்குத் தெரியாது. கால் மணித் தட்டு விழுந்தால் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்” என்பேன். பல நேரம் அவர்கள் “இல்லை, மேலே சொல்” என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் யார் யார் என்று இப்போது எனக்குத் தெரியும். மூன்று தட்டு விழுந்ததும் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய், செருப்பு விடும் இடத்துக்கு அருகில், பத்து நிமிடம் காற்று வாங்குவது என் ஒழுங்கு. களைத்த பிறகு எழுவதல்ல, களைப்பதற்கு முன்பே எழுவது. அப்படிச் செய்யும் நாளில் முகூர்த்தம் முதல் மாலைவரை இருக்க முடிகிறது.

இதயத்துடிப்பு எச்சரிக்கையும் உதவுகிறது, ஆனால் அரைகுறையாக. உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்போது பத்து நிமிடம் துடிப்பு குறிப்பிட்ட எண்ணுக்கு மேலேயே இருந்தால் கடிகாரம் சொல்லும். முதலில் 120-இல் இருக்கும்; நான் 110-க்கு இறக்கினேன். அலுவலகக் கூட்டத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது தட்டு விழுந்திருக்கிறது. கையைப் பார்த்தால் பேனா மூடியை நசுக்கி வைத்திருந்தேன். என் உடம்பு எனக்குச் சொல்லாததைக் கடிகாரம் சொன்ன தருணங்கள் அவை. கல்யாண வீட்டிலோ நடந்துகொண்டும் எழுந்து நின்றுகொண்டும் இருப்போம். அதை உடலுழைப்பு என்று எடுத்துக்கொண்டு கடிகாரம் பேசாமல் இருக்கும். பதற்றத்தை அளக்கும் கருவி என்று நினைத்து வாங்காதீர்கள். துடிப்பை அளக்கிறது; அது ஏன் ஏறியது என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

என் குரல் அளவு பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்வம் வந்தால் என் குரல் உயர்ந்துவிடும், எனக்கே கேட்காது. 2016-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் ‘சேவாட்’ என்றொரு முன்மாதிரி செய்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியை அணிந்து பேசும்போது, குரல் உரத்துப்போனாலோ ஏற்ற இறக்கம் இல்லாமல் தட்டையானாலோ கண்ணெதிரே ஒரு சிறு குறிப்பு தோன்றும். எதிராளியை அல்ல, அணிந்திருப்பவரையே கவனிக்கும் கருவி அது. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நாய்ஸ் அளவைக் கடிகார முகப்பிலேயே வைத்துக்கொண்டு, மெய்ப்பறையில் பேசும்போது ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அறை அமைதியாக இருக்கும்போது நான் பேசினால் எண் எவ்வளவு ஏறுகிறது என்பது எனக்கு இப்போது அத்துப்படி. சக ஊழியர் “மெதுவாக” என்று சைகை காட்டுவது குறைந்திருக்கிறது.

தவறான பக்கம் பார்க்கும் கருவிகள் என்று முதலில் சொன்னேன். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து ‘மகிழ்ச்சி’, ‘கோபம்’, ‘சோகம்’ என்று அணிந்திருப்பவருக்குச் சொல்லும் கருவிகள்தான் அவை. இத்துறையில் நேர்மையான உழைப்பு நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கூகுள் கிளாஸை வைத்து, ஆட்டிசம் உள்ள 6 முதல் 12 வயதுவரையிலான 71 குழந்தைகளோடு ஓர் ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். வழக்கமான பயிற்சியோடு அந்தக் கண்ணாடியையும் வீட்டில் பயன்படுத்திய குழந்தைகள், பயன்படுத்தாதவர்களைவிடச் சமூகப் பழக்கத்துக்கான அளவுகோல் ஒன்றில் கூடுதலாக முன்னேறினார்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டாக இருந்து உதவியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. கூகுள் கிளாஸ் விற்பனையே 2023 மார்ச்சில் நின்றுவிட்டது என்பது வேறு கதை.

ஆனால் எனக்கு வயது 26. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் அம்மா அழுகிறார். கருவி ‘சோகம்’ என்று சொல்லும். அங்கே இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அது சோகம் மட்டும் இல்லை என்பார்கள். முகச்சுளிப்பையும் புன்னகையையும் வைத்து உள்ளே என்ன உணர்ச்சி என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2019-இல் விரிவாக எழுதினார்கள். 2022-இல் மைக்ரோசாஃப்ட் தன் முகம் அறியும் சேவையிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் பகுதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பணியிடத்திலும் பள்ளி கல்லூரிகளிலும் உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்குத் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மற்றவர்கள் மேல் பயன்படுத்தத் தகாதது என்று ஒதுக்கப்படுவதை, எங்கள் மூக்கின் மேல் மட்டும் ஏன் மாட்ட வேண்டும்?

இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளாதது பாதிப் பிரச்சினை, மற்றவர் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ளாதது மீதிப் பாதி என்று, தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டனும் குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டெட்டுப் பேராக நிறுத்தி, ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கடத்தச் செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசை அளவுக்கே கதையைக் காப்பாற்றியது. இரண்டு வகையினரும் கலந்து நின்ற வரிசையில்தான் அதிகம் சிந்தியது. கண்ணாடியை ஒருத்தர் முகத்தில் மட்டும் மாட்டிவிட்டால் இந்தச் சிந்தல் எப்படி நிற்கும்?

ஒரு கண்காட்சியில் ‘மனநிலை வளையல்’ ஒன்றைப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அணிந்திருப்பவர் பதறினால் பெற்றோர் கைபேசிக்குத் தகவல் போகும் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொன்னார், என் அம்மாவைப் பார்த்து. அணியப்போகிற நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அணிந்திருப்பவர் அதை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, அதுதான் இதன் சிறப்பு என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். என் துடிப்பை யார் பார்க்கலாம் என்பதை நான் தீர்மானிக்க வேண்டும். ஆப்பிளில் உடல்நலத் தகவலை யாருக்கு, எதை மட்டும் காட்டுவது என்பது என் கையில் இருக்கிறது. நான் யாருக்கும் காட்டுவதில்லை. அம்மாவுக்கு அதில் சிறிது மனக்குறை உண்டு. நான் வெளியே வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் போதும் என்று இப்போது சொல்கிறார்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில கறாரான விஷயங்கள். ஐபோன் இல்லாமல் இந்தக் கடிகாரத்தை இயக்க முடியாது. ஆகவே உண்மையான செலவு கடிகாரத்தின் விலையோடு நிற்காது. எனக்கு அக்காள் கணவர் பயன்படுத்திய பழைய ஐபோன் கிடைத்தது. பேட்டரி 18 மணி நேரம் என்று நிறுவனமே சொல்கிறது. விடியற்காலை முகூர்த்தம், இரவு வரவேற்பு என்றால் நடுவில் சார்ஜ் போட இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே வரும் ரப்பர் வார் திருச்சி வெயிலில் வியர்வையோடு ஒட்டும். தொடுகை உறைக்கும் தோலுக்கு அது தாங்காது. நைலான் நெசவு வார் மென்மையாக இருக்கிறது, ஆனால் கழற்றும்போது ‘பர்ர்’ என்று கிழியும் ஒலி வரும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் நான் கழற்றுவேன். கண்ணாடி வளையல் அடுக்கிய கையில் கட்டாதீர்கள். மோதும் ஒலியும் இடறும் உணர்வும் சேர்ந்து கடிகாரத்தையே வெறுக்க வைத்துவிடும். வளையல் வலக்கை, கடிகாரம் இடக்கை என்று நானும் அம்மாவும் உடன்பட்டிருக்கிறோம்.

மிக முக்கியமானது: கட்டிய உடனே எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இது எழுந்து நில், மூச்சு விடு, உடற்பயிற்சி வளையத்தை முடி என்று ஓயாமல் தட்டும். எந்தத் தட்டு எதற்கு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றும் அதிர்ச்சிதான். அதிர்வின் வலிமையிலும் இரண்டு நிலை உண்டு. ‘அழுத்தமானது’ எனக்கு ஊசி குத்துவதுபோல் இருந்தது, சாதாரண நிலையே போதும். தங்கையின் செய்தி, சத்தம், துடிப்பு, கால் மணி. இந்த நான்கைத் தவிர என் கடிகாரத்துக்கு என்னைத் தட்ட அனுமதி இல்லை.

மலிவாக முடியுமா என்றால், பாதி முடியும். இரண்டாயிரம் ரூபாய் மின்னணுக் கைப்பட்டைகளிலும் குறுஞ்செய்தி வந்தால் அதிரும். முன்பு நான் வைத்திருந்த ஒன்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாக வந்தன. ஆங்கில எழுத்தில் தங்கை அனுப்பிய ‘பெரியப்பா’வைப் படித்து முடிப்பதற்குள் பெரியப்பா வந்துவிடுவார். மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு அது இன்னொரு வேதனை. ஆகவே பட்டை வாங்குவதானால், கடையிலேயே உங்கள் எண்ணுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, க்ஷ, ஸ்ரீ, கொம்பு, கால் எல்லாம் சரியாக விழுகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

விலையைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் வைத்திருக்கிறது. காதுகேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது நியாயம். இரைச்சலை அளந்து, எச்சரித்து ஒருத்தியைக் கூட்டத்தில் இருக்கச் செய்யும் கருவி மட்டும் ஆடம்பரப் பொருள்போல 18 சதவீத வரியோடு வருகிறது. ஒருவர் கேட்பதற்குக் கருவி வேண்டும், இன்னொருவர் குறைவாகக் கேட்பதற்கு வேண்டும். இரண்டாவது ஆளுக்கும் அரசின் உதவிக் கருவிப் பட்டியலில் இடம் கேட்டு எழுத வேண்டும். நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணியில் கரூரில் இன்னொரு கல்யாணம் வருகிறது. தங்கைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, அவளால் வர முடியாது. அவள் இடத்துக்கு அத்தை மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பத்தொன்பது வயது, வேகமாகத் தட்டச்சு செய்வான். அவனுக்கு முறை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் ஊர், பிறகு உறவு முறை, பிறகு ஒரே ஒரு செய்தி. மொத்தம் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, கடிகாரத் திரையில் உருட்ட வேண்டியிருக்கும். ஆள் பத்தடி தூரத்தில் இருக்கும்போதே அனுப்ப வேண்டும். இறந்துபோனவர்கள் பற்றிய செய்தி இருந்தால் அதைத்தான் முதலில் போட வேண்டும்.